சாண்டோரினி போகாத கப்பலும் நாகப்பட்டினம் வராத கப்பலும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. மார்ச் முடிவு, ஆடிட், அதுக்கப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபர் பயம்னு ஆபீஸ்ல ஆணி அதிகம். டிரான்ஸ்ஃபர் வரலை, இன்னும் பெங்களூருலதான் இருக்கேன். இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. கன்னடம் பேசினா ஆட்டோக்காரர் இன்னும் தமிழ்லதான் பதில் சொல்றார்.

2024 மே மாசம் குடும்பத்தோட மத்தியதரைக் கடல்ல ஒரு சொகுசுக் கப்பல் பயணம் போனோம். மூணு வருஷம் மாசா மாசம் ஆர்டி கட்டிச் சேர்த்த காசு. ரோமுக்குப் பக்கத்துல சிவிடவேக்கியாவுல ஏறணும். நேப்பிள்ஸ், சாண்டோரினி, துருக்கியில குசாடசி, கடைசியா ஏதென்ஸ் பக்கத்துல பிரேயஸ்ல இறங்கணும். இந்தப் பட்டியல்ல எங்க வீட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் (தங்கமணியும் மகளும்) தெரிஞ்ச ஒரே பேரு சாண்டோரினி. வெள்ளை வீடு, நீலக் கூரை. மகள் அதுக்குன்னே ஜெயநகர் ஃபோர்த் பிளாக்ல நீலக் கலர்ல ஒரு சட்டை எடுத்து வெச்சிருந்தா.

சாண்டோரினிக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கேப்டன் மைக்ல பேசினார். காற்று அதிகம், படகுல ஆளை இறக்கறது ஆபத்து, அதனால நாளைக்கு சாண்டோரினி கிடையாது, கடல்லயே ஒரு நாள், நேரா குசாடசி. அவ்வளவுதான். நாலு வாக்கியம். மகள் சாப்பாட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்து போய்ட்டா. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில ஏஜியன் கடல் காத்தையே நான்தான் ஏவி விட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு :-)

மறுநாள் காலையில முதல் வேலையா டிக்கெட்டோட வந்த ஒப்பந்தத்தை எடுத்து உட்கார்ந்தேன். பேங்க்காரன் புத்தி. கடன் பத்திரத்துல பின்பக்கம் பொடி எழுத்துல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும், வாங்கறவர் படிக்காம கையெழுத்துப் போடுவார்ங்கறதும் தெரியும். நானும் அதையேதான் செஞ்சிருந்தேன். எந்தத் துறைமுகத்தையும் விடலாம், மாத்தலாம், வரிசையைத் திருப்பலாம், அதுக்கு நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை கிடையாதுன்னு தெளிவா இருந்தது. இறங்காத துறைமுகத்துக்கான வரி மட்டும் கப்பல் கணக்குல வரவு வெச்சாங்க. அதுல நாலு காப்பி குடிக்கலாம். குடிச்சோம்.

பிரேயஸ்ல இறங்கினதும் நாகப்பட்டினத்துல இருக்கற அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவோட அக்கா. 1941 ஜனவரியில பொறந்தவங்க, காது மட்டும் கொஞ்சம் மந்தம். "இந்த மாதிரி அத்தை, கப்பல் ஒரு ஊருக்குப் போவாம தாண்டிப் போயிட்டான், பாப்பா ஒரே அழுகை"ன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஏண்டா தம்பி, கப்பல்னா அப்படித்தான் போவும். எங்கப்பாவ வச்சிக்கிட்டே தாண்டிப் போனான்டா எங்க கண்ணு முன்னாடி. பாப்பாகிட்ட சொல்லு"ன்னாங்க.

இந்தக் கதையைச் சின்ன வயசுல அரைகுறையாக் கேட்டிருக்கேன். இந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப முழுசா உட்கார வெச்சுக் கேட்டேன். கூடவே கொஞ்சம் சரித்திரமும் தேடிப் படிச்சேன். கொசுவத்தி சுத்தப் போறேன், கண்ணைத் துடைச்சுக்கங்க.

நாகப்பட்டினம்னா இன்னிக்கு எல்லாருக்கும் 2004 சுனாமிதான் ஞாபகம் வரும். அதுக்கு முன்னாடி வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நடுவுல ஒரு ஸ்டேஷன். ஆனா அது ரொம்பப் பெரிய துறைமுகமா இருந்த ஊரு. ராஜராஜ சோழன் காலத்துல ஸ்ரீவிஜய ராஜா அங்க சூடாமணி விகாரத்தைக் கட்டினதும், அதுக்கு ஆனைமங்கலம் ஊரை ராஜராஜன் எழுதிக் கொடுத்ததும் செப்பேட்டுல இருக்கு. அந்தச் செப்பேடு போய்ச் சேர்ந்தது ஹாலந்துல லெய்டனுக்கு. அப்புறம் போர்த்துக்கீசியர், 1658ல டச்சுக்காரர், 1781ல இங்கிலீஷ்காரர். 1861ல நாகப்பட்டினத்துலேர்ந்து திருச்சியைப் பார்த்து ரயில் ஓட ஆரம்பிச்சது. தென்னிந்திய ரயில்வேயோட பட்டறையே எங்க ஊர்லதான் இருந்தது. 1920கள்ல அதை பொன்மலைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. எங்க ஊர்ப் பெரிசுங்க அந்த வயித்தெரிச்சலை இன்னும் விடலை.

இவ்வளவு இருந்தும் ஒண்ணு மட்டும் இல்லை. கப்பல் வந்து கரையோரமா நிக்க இடம். கடுவையாறு கடல்ல கலக்கற இடம் ஆழமில்லாத மணல் திட்டு. பெரிய கப்பல் எல்லாம் கடல்ல தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். சனங்களும் மூட்டையும் படகுல ஏறிப் போய், ஆடற படகுலேர்ந்து ஆடற கப்பல் ஏணிக்குத் தாவணும். சாண்டோரினியும் இதே கதைதான். அந்தத் தீவு ஒரு எரிமலை வெடிச்ச பள்ளத்தோட விளிம்பு. நடுவுல கடல் ரொம்ப ஆழம். கப்பல் நடுக்கடல்ல நிக்கும், ஆளுங்களை சின்னப் படகுல கொண்டு போய் பழைய துறைமுகத்துல விடுவாங்க. அங்கேர்ந்து மேல ஊருக்குப் போகணும்னா ரோப் கார், இல்லேன்னா ஐந்நூறு அறுநூறு படிக்கட்டு, இல்லேன்னா கழுதை. காத்து அடிச்சா படகு கிடையாது, படகு இல்லேன்னா ஊரும் கிடையாது. நாகப்பட்டினத்துல கழுதைக்குப் பதிலா ஜட்கா வண்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

கப்பல் கம்பெனி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். சுருக்கமா பி.ஐ. தூத்துக்குடியில வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்ப, டிக்கெட் விலையை அடிமட்டத்துக்கு இறக்கி அவரை நசுக்கினது இதே கம்பெனிதான். 1914 மார்ச் 17ந் தேதி கணித மேதை ராமானுஜன் சென்னையில ஏறின நெவாசாவும் இவங்க கப்பல்தான். அவரும் சூயஸ் தாண்டி இதே மத்தியதரைக் கடல் வழியாத்தான் போனார். ஏப்ரல் 14ல லண்டன் சேர்ந்தார்.

அந்த வருஷமே செப்டம்பர் 22ந் தேதி எம்டன் சென்னையில குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியும். சரியா முப்பத்தாறு நாள் கழிச்சு, அக்டோபர் 28ந் தேதி, அதே எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள்ள புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடிச்சது அவ்வளவாப் பேசப்படறதில்லை. எங்க ஊர் ஆளுங்க போய்ட்டு வந்த ரூட்டோட ரெண்டு பக்கத்தையும் ஒரே கப்பல் அடிச்சிருக்கு.

அந்த ரூட் இதுதான்: சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிட்டுப் போற தொழிலாளிகளை வெச்சிருக்க ஆவடியிலயும் எங்க ஊருக்குப் பக்கத்துல பாப்பாகோவில்லயும் டிப்போ இருந்தது. 1938ல இந்திய அரசாங்கம் அந்த ஆள் அனுப்பறதைத் தடை பண்ணிச்சு. சொந்தக் காசுல போற வியாபாரிங்க, கடைப் பசங்க, நாகூர் மரைக்காயருங்க தொடர்ந்து போய்ட்டுத்தான் இருந்தாங்க. பினாங்குலயும் சிங்கப்பூர்லயும் நாகூர் தர்கா பேர்ல நினைவிடங்களே இருக்கு. கடல் தாண்டினவங்க நேந்துக்கிட்டது யாரைன்னு அதைப் பார்த்தாலே தெரியும்.

இந்த ரூட்டுக்குன்னே 1926ல ரெண்டு கப்பல் கட்டினாங்க. ஒண்ணு ரஜுலா, கிளாஸ்கோவுல கட்டினது. இன்னொண்ணு அதோட தங்கை ரோனா, ஹாதார்ன் லெஸ்லி கம்பெனி கட்டினது. ரெண்டும் சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு டன். மேல கொஞ்சம் கேபின், மத்ததெல்லாம் டெக். ஐயாயிரத்துக்கு மேல டெக் பயணிகளை ஏத்தலாம்னு ரஜுலாவுக்கு லைசென்ஸ் இருந்தது. நாங்க போன சொகுசுக் கப்பல் அதைவிடப் பல மடங்கு பெரிசு, ஆளுங்க அதைவிடக் கம்மி. டெக் டிக்கெட்னா என்னன்னு கேக்கறீங்களா? பாயை விரிச்சுப் படுத்துக்க ஆறடி இடம். பக்கத்துல டிரங்குப் பெட்டி. அந்தப் பக்கம் யாரோ ஒருத்தரோட ஊறுகாய் ஜாடி.

தாத்தா 1936ல, இருபது வயசுல, பினாங்குக்குப் போனார். நாகூர் மரைக்காயர் ஒருத்தரோட ஜவுளிக் கடையில கணக்கு எழுதற வேலை. (எங்க குடும்பத்துல காமர்ஸ் ஆரம்பிச்சது நான் இல்லை.) 1939 கடைசியில வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டு, மறுவருஷம் நடுவுல திரும்பப் போனார். அப்ப அப்பாயி முழுகாம இருந்தாங்க. அத்தை பொறந்தது தந்தியிலதான் அவருக்குத் தெரியும். ஒரு வருஷத்துல வந்துடறேன்னு எழுதினாராம்.

தாத்தாவோட துறைமுகங்களையும் நான் பார்த்த துறைமுகங்களையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க எனக்கு ஆசை. பினாங்கு வந்து, நேப்பிள்ஸ் மாதிரி. கப்பல்லேர்ந்து இறங்கினா ஊரு. ஸ்வெட்டன்ஹாம் பையர்லேர்ந்து ஜார்ஜ் டவுன் கடைத்தெரு நடக்கற தூரம். தாத்தா வேலை பார்த்த கடைக்கு மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டே போயிடலாம். நேப்பிள்ஸ்லயும் அப்படித்தான், இறங்கி ரோட்டைத் தாண்டினா எதிர்ல கோட்டை. நாங்க வண்டி வாகனம் எதுவும் பிடிக்காம நடந்தே ஊர் பார்த்தோம், பீட்சா சாப்பிட்டோம், அங்க இருக்கற மியூசியத்துல பாம்பெய் நகரத்துல தோண்டி எடுத்த இந்திய யானைத்தந்தச் சிலையையும் பார்த்தோம். கி.பி. 79ல எரிமலை மூடறதுக்கு முன்னாடியே நம்ம நாட்டுச் சரக்கு அங்க போயிருக்கு. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தைத் தாண்டிப் போச்சோ, யார் கண்டா.

போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (1972க்கு அப்புறம் போர்ட் கிள்ளான்) சிவிடவேக்கியா சாதி. பேர் மட்டும்தான் துறைமுகம், எல்லாரும் போகணும்னு நினைக்கற ஊர் வேற எங்கயோ இருக்கும். கிள்ளான்லேர்ந்து கோலாலம்பூர் நாப்பது கிலோமீட்டர் சொச்சம், சிவிடவேக்கியாலேர்ந்து ரோம் எழுபதுக்கு மேல. ரோம் பார்த்துட்டு சாயந்திரம் கப்பலுக்குத் திரும்பறவங்க படற பாட்டைப் பார்த்தேன். நாங்க ரெண்டு நாள் முன்னாடியே போய் ரோம்ல தங்கினது நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம். பிரேயஸ் பரவாயில்லை, ஏதென்ஸ் பத்து கிலோமீட்டர், ரயில் இருக்கு. குசாடசியில கப்பல் கரையோடயே நிக்கும். எபேசஸ் இடிபாடு சுமார் இருபது கிலோமீட்டர், வேன்ல அரை மணி. சொன்னா நம்ப மாட்டீங்க, சாண்டோரினி கோவம் எல்லாருக்கும் எபேசஸ்லதான் போச்சு. இரண்டாயிரம் வருஷத்துப் பழைய தெருவுல நடக்கறப்ப மகள் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டா. எபேசஸும் ஒரு காலத்துல துறைமுகம்தான். ஆத்து மண் வந்து மூடி, கடலே பல கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. கப்பல் வராம ஊரு செத்துப் போச்சு. எனக்கு அங்க நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. கடுவையாறும் மண் தள்ளற ஆறுதான்.

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இன்னொரு விசேஷம் உண்டு, சொகுசுக் கப்பல்ல அது கிடையாது. குவாரண்டைன். டெக் பயணிகளை நேரா ஊருக்குள்ள விட மாட்டாங்க. பினாங்குல ஜெரஜாக் தீவு, சிங்கப்பூர்ல செயிண்ட் ஜான்ஸ் தீவு. அங்க வெச்சு மருந்து தெளிச்சு, அம்மைக்கு ஊசி போட்டு, நாள் கணக்குல உட்கார வெச்சுத்தான் அனுப்புவாங்க. கப்பல்ல ஒருத்தருக்கு அம்மை கண்டாப் போதும், எல்லாரோட திட்டமும் கவுந்துடும். கேபின்காரங்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. தாத்தா எழுதின கடுதாசி ஒண்ணுல "தீவாந்தரம் முடிந்து கடைக்கு வந்து சேர்ந்தேன்"னு ஒரு வரி இருக்கு. தமாஷா எழுதினாரா, வருத்தமா எழுதினாரான்னு இன்னிக்கும் அத்தையும் நானும் சண்டை போடறோம்.

1941 டிசம்பர் 11ந் தேதி ஜப்பான் விமானங்கள் பினாங்கு மேல குண்டு போட்டது. அடுத்த சில நாள்ல பினாங்கு விழுந்தது. 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர். நாகப்பட்டினம் - பினாங்கு ரூட் அன்னியோட நின்னு போச்சு. கப்பல் மட்டும் இல்லை, கடுதாசி, மணியார்டர், தந்தி எல்லாமே. தாத்தா உசிரோட இருக்காரா இல்லையான்னு மூணரை வருஷம் எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. மலாயாவுலேர்ந்து தமிழ்த் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமா சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போனதும், அதுல எத்தனையோ பேர் திரும்பாம போனதும் சண்டை முடிஞ்சப்புறம்தான் இங்க தெரிய வந்தது. அப்பாயி தாலியைக் கழட்டலை. கழட்டச் சொன்ன சொந்தக்காரங்க வீட்டுக்கு அப்புறம் சாகற வரைக்கும் போகவும் இல்லை.

இந்த இடத்துல ரோனாவைப் பத்திச் சொல்லியாகணும். சண்டைக்காக எடுத்த கப்பல்கள்ல அதுவும் ஒண்ணு. எங்க ஊர் ஜனங்களைப் பாயோட ஏத்திட்டுப் போன அதே டெக்ல அமெரிக்கப் பட்டாளத்தை ஏத்தி, 1943 நவம்பர்ல அல்ஜீரியாவுல ஓரான் துறைமுகத்துலேர்ந்து கிளம்பிச்சு. சூயஸ் வழியா இந்தியாவுக்கு வரணும். நவம்பர் 26ந் தேதி அல்ஜீரியக் கரைக்கு அப்பால ஒரு ஜெர்மன் விமானம் ரேடியோவால ஓட்டற குண்டு ஒண்ணை அது மேல விட்டது. 1,015 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தாங்க. கூடவே நூறு பேருக்கு மேல கப்பல் ஊழியர்கள், பெரும்பாலும் இந்தியர்கள். புது ஆயுதம்ங்கறதால அமெரிக்கா இதை வெளியில விடலை. செத்தவங்க குடும்பத்துக்கே பல பத்து வருஷம் முழு விவரம் தெரியாது. அமெரிக்க நாடாளுமன்றம் இதை நினைவுகூர்ந்து தீர்மானம் போட்டது 2000ல.

நாகப்பட்டினம் ரூட்டுக்குன்னு கட்டின கப்பல் மத்தியதரைக் கடல் அடியில கிடக்குன்னு நான் படிச்சது ஊருக்குத் திரும்பி வந்தப்புறம்தான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த "கடல்ல ஒரு நாள்" அன்னிக்கு மேல் டெக்ல நின்னு மேற்குப் பக்கமா ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

ரஜுலா தப்பிச்சது. சண்டை முடிஞ்சு பழைய ரூட்டுக்கே திரும்பி வந்தது.

1946 நவம்பர்ல தாத்தாகிட்டேர்ந்து கடுதாசி வந்தது, இன்ன கப்பல்ல வரேன்னு. ரஜுலாதான்னு அத்தை சத்தியம் பண்றாங்க, ஆனா அத்தைக்கு எல்லாக் கப்பலும் ரஜுலாதான். வெளிப்பாளையத்துலேர்ந்து அப்பாயி, அத்தை, கூட ஒரு சின்னத் தாத்தா, மூணு பேரும் கடற்கரைக்குப் போயிட்டாங்க. நவம்பர்னா நம்ம பக்கம் என்னன்னு உங்களுக்கே தெரியும். மழை, காத்து. சாயந்திரம் கப்பல் தெரிஞ்சது. தூரத்துல புகை, அப்புறம் விளக்கு. ஊதினான். படகு எதுவும் போகலை. அலை அப்படி. ராத்திரி முழுக்க விளக்கு தெரிஞ்சுதாம், ஏதோ ஒரு குடிசையில ஒதுங்கி உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. விடிஞ்சப்ப விளக்கைக் காணோம். கப்பல் சென்னைக்குப் போயிடுச்சு.

"திரும்பி வருவான்னு ஒருத்தன் சொன்னான், வர மாட்டான்னு ஒருத்தன் சொன்னான். கம்பெனி ஆபீஸ்ல கேட்டா தெரியாதுன்னுட்டான். எங்கம்மா நகரவே மாட்டேன்னிட்டாங்க"ன்னு அத்தை சொன்னாங்க. ரெண்டு நாள். சின்னத் தாத்தா வீட்டுக்குப் போய்ச் சோறு கொண்டு வந்திருக்கார்.

தாத்தா சென்னையில இறங்கி, எழும்பூர்ல ரயில் பிடிச்சு, மூணாம் நாள் காலையில வீட்டுக்கு வந்தா வீடு பூட்டிக் கிடக்கு. ஆறு வருஷம் கழிச்சு வர்ற மனுஷன். பக்கத்து வீட்ல கேட்டுட்டு, பெட்டியை அவங்க திண்ணையில வெச்சிட்டு, கடற்கரைக்கு நடந்து வந்திருக்கார். அத்தை மணல்ல கிளிஞ்சல் பொறுக்கிட்டு இருந்திருக்காங்க. வந்தவர் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாராம். அத்தை அப்பாயிகிட்ட ஓடிப் போய் "யாரோ ஒரு ஆளு நம்மளயே பாக்குறாரும்மா"ன்னு சொல்லியிருக்காங்க.

இதுக்கு மேல என்ன ஆச்சுன்னு கேட்டேன். "என்னா ஆவும், வீட்டுக்கு வந்தோம், ரசம் வச்சாங்க"ன்னாங்க.

அந்தப் பெட்டி இன்னும் எங்க வீட்ல இருக்கு. அதுல ஒரு கட்டு நோட்டு. ஜப்பான்காரன் மலாயாவுல அடிச்ச நோட்டு, பத்து டாலர்ல வாழைமரம் படம். நம்பரே இல்லாம, ரெண்டு எழுத்து மட்டும் போட்டு இஷ்டத்துக்கு அச்சடிச்சுத் தள்ளினான். கடைசியில ஒரு மூட்டை நோட்டுக்கு ஒரு வேளை சாப்பாடு கிடைக்காதுங்கற நிலைமை. 1945 செப்டம்பர்ல இங்கிலீஷ்காரன் திரும்பி வந்ததும் அது செல்லாதுன்னு சொல்லிட்டான். தாத்தாவோட மூணரை வருஷச் சம்பளம் அது. தூக்கிப் போட மனசு வராம ஊருக்குக் கொண்டு வந்திருக்கார். 2016 நவம்பர் 8க்கு அப்புறம் ரெண்டு மாசம் நான் கவுண்டர்ல உட்கார்ந்து பழைய நோட்டு எண்ணினேன். அரிசிப் பானையிலேர்ந்து எடுத்துட்டு வந்த ஈரம் காயாத நோட்டோட நின்ன கிழவிகளைப் பார்க்கறப்ப எல்லாம் இந்த வாழைமரக் கட்டுதான் கண்ணுக்குள்ள நிக்கும். அதுக்காவது மாத்திக்கக் கெடு கொடுத்தாங்க.

தாத்தா மறுபடியும் போனார், அது வேற கதை. அப்பா 1947 கடைசியில பொறந்தார். 1961ல தாத்தா மொத்தமாத் திரும்பிட்டார். ரஜுலா 1973 வரைக்கும் ஓடிச்சு. நாப்பத்தேழு வயசுல இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி ரங்கட்னு பேர் மாத்திச்சு, கொஞ்ச நாள்லயே உடைக்கப் போயிடுச்சு. அதோட இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். அதுவும் அக்மார்க் நம்ம கப்பல் இல்லை. 1966ல ஒரு பிரெஞ்சுக் கம்பெனி தென் அமெரிக்கா போக பாஸ்டர்ங்கற பேர்ல விட்ட கப்பல். சிங்கப்பூர்லேர்ந்து டேப் ரெக்கார்டரும் கோடாலித் தைலமும் அதுலதான் எங்க ஊருக்கு வந்து இறங்கினது. 1985 பிப்ரவரி 12ந் தேதி அதுல தீப்பிடிச்சுப் பல பேர் செத்துப் போனாங்க. அதோட சிங்கப்பூர் ரூட்டும் முடிஞ்சுது. அப்ப எனக்கு நாலு வயசு. கப்பல்னு ஒண்ணு ஊருக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துலேர்ந்து இலங்கை காங்கேசன்துறைக்கு செரியாபாணிங்கற கப்பலை அதே இந்தியக் கப்பல் கழகம் விட்டது. 10ந் தேதின்னாங்க, 12ன்னாங்க, கடைசியில 14ந் தேதி கிளம்பிச்சு. 20ந் தேதி மழைக்காலம்னு நிறுத்திட்டாங்க. 2024 ஆகஸ்ட் 16லேர்ந்து சிவகங்கைங்கற கப்பல். அதுவும் மழைக்காலம் வந்தா நிக்கும், பிறகு ஓடும். சுமார் நாலு மணி நேரப் பயணம். இப்ப ஆத்துக்குள்ளயே கப்பல் வந்து நிக்குது, படகுலேர்ந்து ஏணிக்குத் தாவற வேலை இல்லை.

அத்தைக்கு யாழ்ப்பாணத்துல நல்லூர் கோயில் பார்க்கணும்னு ஆசை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு, போலீஸ் வெரிஃபிகேஷனும் முடிஞ்சுது. மாசி பங்குனியில கடல் அமைதியா இருக்கும், அப்ப போலாம்னு இருக்கோம். மகள் தானும் வரேன்கறா. கப்பல் கிளம்பலைன்னா என்ன பண்றதுன்னு தங்கமணி கேட்டாங்க. வெளிப்பாளையத்துல வீடு இருக்கு, ரசம் வெக்க அத்தை இருக்காங்கன்னேன்.

பி.கு: கப்பல் பயணம் போறவங்க தனியா மெயில் பண்ணி விவரம் கேக்கறீங்க. எனக்குத் தெரிஞ்சது மூணுதான். படகுல இறக்கற துறைமுகத்துல திரும்ப வராத முன்பணம் எதுவும் கட்டாதீங்க. கப்பல் ஏற்பாடு பண்ற டூர்னா துறைமுகம் ரத்தானா பொதுவா காசு திரும்பி வரும், வெளியில நீங்களா பேசினதுக்கு உத்தரவாதம் இல்லை. டிராவல் இன்ஷூரன்ஸ்ல துறைமுகம் விட்டுப் போனா உண்டா இல்லையான்னு பொடி எழுத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஏறற ஊருக்கு ஒரு நாள் முன்னாடியே போயிடுங்க. நாலு ஆயிடுச்சு.